ஊட்டி உறைபனியும் இமயத்துச் சரிவும்

(கோவையில் மலையேற்ற ஆர்வலர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே ஊட்டிக்குப் போகாதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். அவலாஞ்சிக்குப் போனவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். பரவாயில்லை, பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். அந்த ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பெரிய மண்சரிவு ஒன்று நடந்தது. மலையில் பனி சரிவதற்கு ஆங்கிலேயர் சொல்லும் ‘அவலாஞ்ச்’ என்ற சொல்லையே அந்த இடத்துக்கும் வைத்தார்கள். நாம் அதன் வாலில் ஓர் இகரத்தைச் சேர்த்து அவலாஞ்சி ஆக்கிக்கொண்டோம். பனியே சரியாத ஊருக்குப் பனிச்சரிவு என்று பெயர். நாமும் ஏரியைப் பார்த்து, மீன் பண்ணையைப் பார்த்து, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

இன்று நான் பேச வந்தது நிஜப் பனிச்சரிவைப் பற்றி. ஆனால் நீலகிரியை விட்டு உடனே இமயத்துக்குத் தாவப் போவதில்லை. காரணம் இருக்கிறது.

தமிழில் எல்லாமே பனிதான். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது பனி. சாலையில் எதிரே வரும் லாரியை மறைப்பது பனி. ‘தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போ’ என்று அம்மா பயப்படுவதும் பனிக்குத்தான். இமயமலையில் கிடப்பதும் பனி. நம்மிடம் பனி பெய்யாததால் வந்த சொற்பஞ்சம் இது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். மலைகளில் சில குளிர்காலங்கள் கழித்தபின் அந்த எண்ணம் மாறிவிட்டது. புல்நுனிப் பனிக்கும் ஆளைப் புதைக்கும் பனிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவைத்தான் முதலில் விளக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி விழுந்ததென்றால் மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல வெள்ளை. சுற்றுலாப் பயணிகள் விடியற்காலையிலேயே போய்ப் படமெடுப்பார்கள். தேயிலைக்காரருக்கோ வயிறு எரியும், இளஞ்செடி கருகிப்போகும். இந்த உறைபனி எந்த இரவில் விழும் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மேகம் இருக்கக் கூடாது, காற்று இருக்கக் கூடாது. வானம் கழுவிவிட்டதுபோல இருக்க வேண்டும். மேகம் என்பது நிலத்துக்குப் போர்வை. அது இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகக்கூட மாறாமல் நேராகப் பனிக்கட்டிப் படிகமாக அதன்மேல் படிகிறது.

இதே காரியம் இமயத்தில் பனிமூடிய சரிவின்மேல் நடந்தால்? அங்கேயும் தெளிந்த, காற்றில்லாத இரவுகள் உண்டு. அங்கே அந்தப் படிகங்கள் இறகு இறகாக, சில இடங்களில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக எழுந்து நிற்கும். காலை வெயிலில் சரிவு முழுவதும் மினுங்கும். அதன் நடுவே நடந்தால் கண்ணாடித் துகளைச் சலிப்பதுபோல மெல்லிய ஓசை கேட்கும். மலையில் அதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை. வெளியே கிடக்கும்வரை அதனால் யாருக்கும் தீங்கும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மேகம் கூடுகிறது. புதுப்பனி அரை மீட்டர், ஒரு மீட்டர் விழுகிறது. நின்றுகொண்டிருந்த இறகுகள் அப்படியே கீழே மாட்டிக்கொள்கின்றன. மேலே விழுந்த பனி நாலைந்து நாளில் இறுகி ஒரே பலகையாகிறது. காற்று அடித்துச் சேர்த்த பனியென்றால் இன்னும் சீக்கிரம். இப்போது என்ன நிலைமை? சரிவான தரை, அதன்மேல் வரிசையாக நட்டு வைத்த சீட்டுக்கட்டு, சீட்டுகளின்மேல் ஒரு கனத்த பலகை. பார்ப்பவருக்கு மேல்பரப்பு மட்டும்தான் தெரியும். வெள்ளையாக, மொழுமொழுவென்று இருக்கும். உள்ளே இருக்கும் சீட்டுக்கட்டு வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. அது இன்னும் மோசம். குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பனி விழுந்து, முழங்கால் அளவோடு நின்றுவிடுகிறது என்று வையுங்கள். அடியில் தரையின் சூடு கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரி. மேலே காற்று மைனஸ் 15, மைனஸ் 20. இவ்வளவு சிறிய தடிப்புக்குள் இவ்வளவு பெரிய வித்தியாசம். கீழிருந்து நீராவி மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. போகிற வழியில் பனித்துகள்களைக் கலைத்து, வேறு வடிவில் கட்டி எழுப்புகிறது. ஒரு மாதத்தில் அடிப்பனி வெள்ளைச் சர்க்கரையாக மாறிவிடும். கையில் அள்ளினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடுக்கில் வழியும். உருண்டை பிடிக்க முடியாது. பிறகு ஜனவரியில் வரும் கனத்த பனி அத்தனையும் இந்தச் சர்க்கரையின்மேல்தான் உட்காருகிறது. பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நாம் நினைக்கிறோம். பல சமயம் அது நேர்மாறு. லடாக், காரகோரம் போன்ற வறண்ட, கடுங்குளிர்ப் பகுதிகளில் அடிப்பனி இப்படிச் சர்க்கரையாவது சாதாரணம்.

சரி, இது எப்போது உடைகிறது? சினிமாவில் யாராவது கத்துவார்கள், மலை சரியும். அதை மறந்துவிடுங்கள். மனிதக் குரலுக்கு அந்தப் பலம் கிடையாது. பலகை உடைய எடை வேண்டும். புதுப்பனியின் எடையாக இருக்கலாம், காற்று கொண்டுவந்து குவித்த பனியாக இருக்கலாம், மழையாக இருக்கலாம். இல்லையென்றால் உங்கள் எடை. ஸ்கீ விளையாடவும் மலையேறவும் போய்ப் பனிச்சரிவில் சிக்கியவர்களின் கணக்கைப் பல நாடுகளில் எடுத்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது சம்பவங்களில் சரிவைக் கிளப்பிவிட்டது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான். தலைவிதி மேலிருந்து வந்து விழுந்தது என்று சொல்ல அங்கே இடமே இல்லை. காலுக்கடியில் இருந்த சீட்டுக்கட்டைத் தட்டிவிட்டவர் நாம்.

ஒரே இடத்தில் ஒரு சீட்டு சாய்ந்தால் போதும். பக்கத்துச் சீட்டு, அதற்கடுத்தது என்று விரிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவின் குறுக்கே ஓடிவிடும். சமதளத்தில் இது நடந்தால் காலுக்கடியில் ‘ஹும்ப்’ என்று ஒரு பெருமூச்சு கேட்கும், பனி சற்றே இறங்கும். ஒருமுறை கேட்டவருக்கு அந்தச் சத்தம் ஆயுளுக்கும் மறக்காது. அதைக் கேட்டபின்பும் சரிவில் ஏறுகிறவரோடு நான் போக மாட்டேன்.

எவ்வளவு சாய்வு ஆபத்து? செங்குத்துப் பாறை முகம் என்று நினைப்பீர்கள். மிகச் செங்குத்தான இடத்தில் பனி தங்குவதே இல்லை, விழ விழ வழிந்துவிடும். முப்பது டிகிரிக்குக் கீழே பலகை பெரும்பாலும் நகராது. முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் இருப்பதுதான் ஆளைக் கொல்லும் சாய்வு. அதிலும் முப்பத்தெட்டை ஒட்டி மிக அதிகம். இதை எப்படி மனத்தில் வைத்துக்கொள்வது? உங்கள் வீட்டு மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது முப்பதுக்குமேல், நாற்பதுக்குள். தினம் ஏறி இறங்கும் அந்தச் சாய்வைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. இன்னொன்று, நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருக்கலாம். தலைக்குமேலே மாடிப்படிச் சாய்வில் ஒரு சரிவு இருந்தால் நீங்கள் அதன் வாசலில்தான் நிற்கிறீர்கள்.

வாசலில் நிற்பது எல்லா நேரத்திலும் அவரவர் விருப்பமும் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பத்தில் ஒன்பது என்ற கணக்கு பொழுதுபோக்குக்குப் போகிறவர்களின் கணக்கு. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் பக்கம் மாணா கிராமத்தருகே எல்லைச் சாலை வேலைக்கு வந்த தொழிலாளர்களின் முகாமைப் பனிச்சரிவு அடித்தது. காலை நேரம், பலர் இரும்புக் கன்டெய்னர்களுக்குள் இருந்தார்கள். 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். 2012 ஏப்ரல் 7 அன்று சியாச்சின் பக்கம் கயாரியில் பாகிஸ்தான் ராணுவத் தளத்தின்மேல் விழுந்த சரிவு 140 பேரைப் புதைத்தது. இவர்கள் யாரும் அந்த வாசலைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. அவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தது வேறு யாருடைய முடிவோ.

நம்மவர்களும் உண்டு. 2016 பிப்ரவரி 3. சியாச்சினில் சோனம் என்ற காவல் நிலை, ஏறத்தாழ 19,600 அடி உயரம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியன் அங்கே காவலில் இருந்தது. பனிக்கட்டிச் சுவர் ஒன்று பெயர்ந்து விழுந்து பத்துப் பேரை மூடியது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள் மாலை, இருபத்தைந்து அடிக்கும் கீழே, கிழிந்த கூடாரத்துக்குள்ளிருந்து கர்நாடகத்துக்காரரான லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார். நாடே பிரார்த்தனை செய்தது. பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் அத்தனை நாள் தாங்கியதைப் படித்தவர்கள், பனிக்குள் புதைந்தால் சில நாளாவது இருக்கலாம்போல என்று எண்ணிவிடக் கூடாது. அது அபூர்வத்திலும் அபூர்வம். கூடாரம் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்திருந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கணக்கு வேறு. சுவிட்சர்லாந்தில் புதைந்தவர்களின் பதிவுகளை வைத்து 1994இல் ஒரு கணக்கு வெளியானது: பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் நூறில் தொண்ணூறு பேருக்குமேல் பிழைக்கிறார்கள், முப்பத்தைந்து நிமிடம் ஆனால் முப்பது பேர்தான். நடுவில் இருக்கும் இருபது நிமிடம் ஓர் அதலபாதாளம். குளிரால் அல்ல, மூச்சுத் திணறித்தான் பெரும்பாலோர் சாகிறார்கள். விடும் மூச்சின் சூட்டில் முகத்துக்கு முன்னால் இருக்கும் பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடிபோல ஒரு மூடி உண்டாகிவிடுகிறது. ஓடும்போது தண்ணீர்போல ஓடிய பனி, நின்ற நொடியில் சிமென்ட்போல இறுகும். ஒரு விரலை அசைக்க முடியாது. ஒரு கன மீட்டர் சரிவுப்பனி 300, 400 கிலோவுக்குக் குறையாது. கையால் தோண்டவே முடியாது.

அதனால்தான் மூன்று சாமான்கள் இல்லாமல் பனிச்சரிவு நிலத்தில் கால் வைக்காதீர்கள் என்கிறார்கள்: 457 கிலோஹெர்ட்சில் சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் பீக்கன் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, உலோக மண்வாரி. ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்தப் பதினைந்து நிமிடம் முடிந்துவிடும். பிழைக்க வைப்பவர் உங்கள் பக்கத்தில் நின்றவர் மட்டும்தான். உங்கள் பீக்கன் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. அடுத்தவர் கையில் இருப்பதுதான் காப்பாற்றும். வாங்கி வைத்துவிட்டுப் பழகாதவரோடு போவது வாங்காதவரோடு போவதற்குச் சமம்.

முதுகுப்பையில் காற்றுப்பை ஒன்றும் வந்திருக்கிறது. இழுத்தால் பலூன்போல விரியும். அது ஆளை மேலே மிதக்க வைக்கிறது என்பார்கள். மிதப்பு இல்லை. நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். முறத்தில் ரவையோடு நிலக்கடலையைப் போட்டுக் குலுக்குங்கள். எது மேலே வருகிறது? கடலை. ஓடும் பனியும் ஒரு குலுங்கும் முறம். பெரிய பொருள் மேலே ஏறும். பையை விரித்தவர் கடலையாகிறார், அவ்வளவுதான்.

அந்தப் பையால் பிழைத்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 2012 பிப்ரவரி 19, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், ஸ்டீவன்ஸ் கணவாய். அங்கே ஸ்கீ மையத்தின் பின்பக்கம் டனல் க்ரீக் என்ற பள்ளத்தாக்கு. மாதத் தொடக்கத்தில் தெளிந்த இரவுகள். நம் ஊட்டி உறைபனி அங்கேயும் விழுந்து கிடந்தது. பிறகு பனி கொட்டித் தீர்த்தது. ஞாயிறு காலை புதுப்பனியில் இறங்கப் பதினாறு பேர் கிளம்பினார்கள். கற்றுக்குட்டிகள் என்று நினைக்காதீர்கள். தொழில்முறை ஸ்கீ வீரர்கள், அந்த மையத்திலேயே வேலை பார்ப்பவர்கள், போட்டி நடுவர், விளையாட்டுப் பத்திரிகைக்காரர்கள். அந்த மலை அவர்களில் பலருக்கு வீட்டுக் கொல்லை. அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையும் வந்திருந்தது.

சுமார் 200 அடி அகலத்துக்கு, கிட்டத்தட்ட 3 அடி தடிப்புள்ள பலகை பெயர்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள். எலீஸ் சாக்ஸ்டட் என்ற வீராங்கனை பையை விரித்ததால் முகமும் கைகளும் வெளியே இருக்கக் கிடந்தார். அவரோடு இழுத்துச் செல்லப்பட்ட மூவர் சற்றுத் தள்ளிப் பனிக்குள் கிடந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் இதை நீண்ட கட்டுரையாக வெளியிட்டது. 2013இல் அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. படித்ததில் என்னை உலுக்கியது பனியின் விவரம் அல்ல. அந்தப் பதினாறு பேரில் பலருக்கு உள்ளுக்குள் உறுத்தல் இருந்திருக்கிறது. கூட்டம் பெரிதாக இருக்கிறதே, இன்றைக்குத்தானா என்று. யாரும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு தெரிந்தவர்கள் போகிறார்களே, நாம் யார் சொல்ல என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து நின்றிருக்கிறார்கள்.

இது அமெரிக்கச் சமாச்சாரம் அல்ல. கல்யாண வீட்டில் பந்தியில் குழம்பு புளித்துவிட்டது என்று முதலில் யார் சொல்வது? எல்லாரும் சாப்பிடுகிறார்களே என்று நாமும் சாப்பிடுவோம். நம் குழுக்களில் ‘மூத்தவர் சொல்லிவிட்டார்’ என்பது ஒரு பலம்தான். பனிச்சரிவில் மட்டும் அது பலவீனம். கூட்டத்தில் வயதில் இளையவர், முதல் தடவை வந்த பெண், யாராக இருந்தாலும் ‘வேண்டாம்’ என்றால் அதுவே முடிவு, காரணம் கேட்கக் கூடாது என்று கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு. நான் அதை ஆதரிக்கிறேன்.

உத்தரகாண்டில் திரௌபதி கா தண்டா சிகரத்தில் 2022 அக்டோபர் 4 அன்று நடந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சி மாணவர்களும் ஆசிரியர்களும் சிகரத்தை நெருங்கும்போது பனிப்பலகை பெயர்ந்து பலரைப் பிளவுக்குள் தள்ளியது. 29 பேர் பலியானார்கள். கற்றுக்கொள்ளப் போனவர்கள், கற்றுக்கொடுக்கப் போனவர்கள் இரண்டு தரப்பும். எவரெஸ்ட் ஏறிய சவிதா கன்ஸ்வால் அவர்களில் ஒருவர். அனுபவம் பனிப்பலகையிடம் சலுகை வாங்கித் தராது.

அனுபவத்தைப் பற்றி என் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. சமையலில் உப்பு அதிகமானால் நாக்கு உடனே சொல்லிவிடும். பனி அப்படிச் சொல்லாது. தவறான சரிவில் பத்துத் தடவை இறங்கியும் ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பலாம். அந்தப் பத்துத் தடவையும் ‘எனக்குப் பனி படிக்கத் தெரியும்’ என்ற நம்பிக்கைதான் வளரும். என்னிடமும் வளர்ந்தது. அதை உடைத்தது குல்மார்க்கில் ஒரு வழிகாட்டி.

ஜனவரி இறுதி. அபர்வத் சிகரத்துக்குக் கேபிள் கார் ஏறி, மையத்தின் எல்லைக்கு வெளியே ஒரு சரிவின் தலையில் நின்றோம். வானம் நீலம். ஒரு வாரமாக மேகம் இல்லை. அதற்கு முன் நல்ல பனி. ‘இதைவிட நல்ல நாள் கிடைக்காது’ என்றேன். அவர் பதில் சொல்லாமல், பத்திரமான ஓரமாகப் பார்த்துக் குழி தோண்டினார். நெஞ்சளவு ஆழம். குழியின் சுவரைத் தூரிகையால் தடவினார். அடுக்குகள் பாறைப் படிவம்போலத் தெரிந்தன. விரலால் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே வந்தார். முழங்கை உயரத்தில் ஓரிடத்தில் விரல் வெண்ணெய்க்குள் போவதுபோலப் போனது. முப்பது சென்டிமீட்டர் சதுரமாக ஒரு தூணை ரம்பத்தால் அறுத்துப் பிரித்து, மேலே மண்வாரியைக் கவிழ்த்து வைத்தார். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. தூண் அசையவில்லை. அடுத்து முழங்கையிலிருந்து. பதின்மூன்றாவது தட்டில் மேல்பாதி முழுவதும் மேசை இழுப்பறைபோல வழுக்கிக்கொண்டு அவர் மடியில் வந்து விழுந்தது.

பிரிந்த இடத்தில் கொஞ்சம் சுரண்டி என் கறுப்புக் கையுறையில் போட்டு, உருப்பெருக்கியைக் கொடுத்தார். சின்னச் சின்ன இறகுகள். தலைகுந்தாவில் பயணிகள் குனிந்து படமெடுப்பார்களே, அதே இறகுகள்.

அவர் குழியை மூடிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். நாங்கள் ஏறிய வழியிலேயே திரும்பி, மையத்தின் ஆள்நிறைந்த பாதையில் இறங்கினோம். கீழிருந்து பார்த்தபோது வேறொரு குழு நாங்கள் விட்டுவந்த சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு பேர் எண்ணினேன். ஒவ்வொருவரும் ஒரு வளைவுக் கோடு விட்டுச் சென்றார்கள். ஏழு கோடுகளும் மதிய வெயிலில் அவ்வளவு அழகு. ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் அடிவாரத்துத் தங்மார்க் ஊரில் ஒரு கடையில் அவர்களையே சந்தித்தோம். ‘நீங்கள் குழி தோண்டியவர்கள்தானே?’ என்று சிரித்தார்கள். அதிலொருவர் எங்கள் இருவருக்கும் உப்புத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். வழிகாட்டி நன்றி சொல்லி வாங்கிக் குடித்தார். குழிக்குள் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.